சுவரில் வண்ணம் ஏறும் முன்

கியூரேட்டர் என்றாலே கண்காட்சிக் கூடத்தில் எந்தப் படத்தை எங்கே மாட்டுவது என்று சொல்பவர் என்ற எண்ணம் பலருக்கு. தெருவிலும் ஊருணிக்கரையிலும் பள்ளிச் சுவரிலும் மக்களோடு சேர்ந்து செய்யும் கலைக்கும் ஒரு கியூரேட்டர் வேண்டும். காரைக்குடிப் பக்கம் இந்த வேலை பார்க்கிற என்னிடம் இளைஞர்கள் பெரும்பாலும் கேட்பது, கலைஞர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று. அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

செட்டிநாட்டில் படம் வரைய ஒரு சுவர் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டில், சென்னை, மலேசியா, சிங்கப்பூர் என்று பிரிந்து கிடக்கும் பங்காளிகள் அத்தனை பேருக்கும் பங்கு இருக்கும். கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஆச்சி காபி கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார்: “நான் ஒருத்தி சரின்னு சொல்லிட்டாப் போதுமா தம்பி? படைப்புக்கு எல்லாரும் வருவாக, அப்பக் கேளுங்க.” பங்காளிகள் கூடி முன்னோரை வணங்கும் அந்தப் படைப்பு நாள் வரை காத்திருந்தோம். நிதி கொடுப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பைப் புரியவைப்பதும் நம் பொறுப்புதான்.

சுவர் கிடைத்ததும் அதன் பூச்சைப் பாருங்கள். இங்குள்ள பழைய சுவர்கள் சுண்ணாம்போடு கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் அக்ரிலிக் பெயின்ட் அடித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். உள்ளே சிக்கிய ஈரம் கொப்புளமாகக் கிளம்பி, பெயின்ட்டோடு பழைய பூச்சையும் உரித்துக்கொண்டு வரும். அதைத் திரும்பப் பூசக் கைதேர்ந்த கொத்தனார் கிடைப்பது பெரும்பாடு. அதனால் கலைஞரைக் கூப்பிடும் முன் கொத்தனாரைக் கூப்பிடுங்கள். காவி, மஞ்சள் போன்ற மண் நிறங்களைச் சுண்ணாம்பில் கலந்துதான் தீட்ட முடியும் என்று அவர் சொன்னால், திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஊரும் கலைஞரும் பேசி ஒப்புக்கொண்டு வேலை தொடங்குவது இந்த மண்ணுக்குப் பழக்கமானதுதான். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஐயனாருக்கு மண்குதிரை வைக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு ஊரார் கூடி, குயவரான வேளாரிடம் பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி மண், கொடுப்பார்கள். அதன் பிறகுதான் மண்குதிரை செய்யும் வேலை தொடங்கும். யார் கேட்டது, யார் செய்வது, என்றைக்கு ஐயனார் கோயிலுக்குப் போகும் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். வைத்த குதிரைகள் மழையிலும் வெயிலிலும் சிதைவதையும் ஊர் ஏற்றுக்கொள்கிறது; அடுத்த எடுப்பில் புதியவை வரும்.

நியூயார்க்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓர் அரசு அலுவலகச் சதுக்கத்தின் குறுக்கே 1981 இல் சிற்பி ரிச்சர்ட் செர்ரா நீண்ட எஃகுச் சுவர் ஒன்றை நிறுத்தினார். அங்கே வேலை பார்த்தவர்கள் தினமும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு வளர்ந்து, 1985 இல் பொது விசாரணை நடந்து, 1989 இல் அதை அகற்றிவிட்டார்கள்.

அதற்காக, பிடிக்கவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுவிடலாம் என்றில்லை. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979 இல் அவரைக் கேட்காமலே கழற்றினார்கள், அது சேதமடைந்தது. எஞ்சியதை அவரிடம் ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் டெல்லி உயர் நீதிமன்றம் 2005 இல் உத்தரவிட்டது. படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கக் கலைஞருக்கு உரிமை தரும் பதிப்புரிமைச் சட்டத்தின் 57 ஆம் பிரிவை ஒரு முறையாவது படித்துவிடுங்கள். படைப்பு எத்தனை வருடம் இருக்கும், யார் பராமரிப்பது, யார் செலவில், அகற்றுவதென்றால் கலைஞருக்கு எவ்வளவு முன்னதாகச் சொல்வது என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அப்புறம் கூலி. எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யக் கண்ணாடிமேல் இரும்பு அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும்போது ஒரு நிறம் இன்னொன்றில் கலந்துவிடாமல் இருப்பது அந்தக் கைப்பழக்கத்தால்தான். அந்தக் கற்களை வைத்துப் பொது இடத்தில் ஒரு படைப்பு செய்துவிட்டு, பலகையில் நகரத்துக் கலைஞர் பெயரைப் பெரிதாகவும் கீழே ‘உள்ளூர் கைவினைஞர்கள் உதவியுடன்’ என்றும் எழுதுவது அநியாயம். அவர்களுக்கும் பெயர் இருக்கிறது, அதைப் போடுங்கள். பட்டறைக்கு வரும் பெண்கள் ஓலைக் கூடையான கொட்டான் முடையும் நேரத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். டீயும் வடையும் கொடுத்து அனுப்பாமல் அன்றைய கூலியைக் கையில் கொடுங்கள். திட்டச் செலவில் இதற்கு முதல் வரியிலேயே இடம் ஒதுக்குங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கடைசியில் பணம் இருக்காது.

படிப்பைப் பொறுத்தவரை ஒரே வழி என்று இல்லை. சென்னை, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிகளில் படித்தவர்கள் வருகிறார்கள்; கட்டடக்கலை, சமூகப்பணி படித்தவர்களும் வருகிறார்கள். 2012 இல் தொடங்கிய கொச்சி பியனாலே கலைக் கண்காட்சி போன்ற இடங்களில் உதவியாளராகச் சேர்ந்து கற்கலாம். மாதச் சம்பளம் அரிது, பெரும்பாலும் திட்டத்துக்குத் திட்டம்தான் வருமானம்.

கிராமத்தில் தொடங்குகிறவர்கள் கிராம சபையில் போய் உட்காருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். பேச்சு முழுக்கத் தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, ஊருணியில் விழும் குப்பை என்றே போகும். முழுவதையும் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் திட்டத்தை அடுத்த கூட்டத்தில் சொல்லலாம்.