பொது ஒளிபரப்பு: ‘அரசாங்கத் தொலைக்காட்சி’ என்று எழுதுவது ஏன் பிழை

பிபிசி பற்றிச் செய்தி வந்தால் போதும், நம் ஊர் ஏடுகளிலும் இணையச் செய்திகளிலும் ‘பிரிட்டன் அரசாங்கத் தொலைக்காட்சி’ என்ற தொடர் தானாக வந்து விழுகிறது. 2025 ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் பொது ஒளிபரப்புக்கான 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றபோதும் அங்குள்ள பொதுத் தொலைக்காட்சி வலையமைப்பான பிபிஎஸ் ‘அமெரிக்க அரசுத் தொலைக்காட்சி’ ஆனது. பிபிஎஸ் இலாப நோக்கற்ற தனியார் அமைப்பு. அரசு அதற்கு உரிமையாளரே இல்லை.

ஆங்கிலத்தில் இவற்றைப் ‘பப்ளிக் பிராட்காஸ்டிங்’ என்பார்கள். அதில் ‘பிராட்காஸ்ட்’ என்பது விதையைக் கைவீசித் தூவுவதைக் குறித்த உழவுச் சொல். தமிழில் வானொலிக்கு ஒலிபரப்பு, தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பு என்று அழகாக அமைந்துவிட்டன. இதில் சண்டை இல்லை.

சண்டை முன்னால் நிற்கும் ‘பப்ளிக்’கில்தான். அதற்குப் ‘பொது’ என்ற சொல் நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. பொதுக்கிணறு, பொது நூலகம், உலகப் பொதுமறை என எல்லாவற்றிலும் எல்லார்க்கும் உரியது என்பதே பொருள். மலாய்க்காரர்கள் ‘அவாம்’ (பொது) வேறு, ‘கெராஜாஆன்’ (அரசாங்கம்) வேறு என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மலாய் அறிக்கையிலிருந்து பெயர்ப்பவரே இரண்டையும் ‘அரசாங்கம்’ ஆக்கிவிடுகிறார். ‘ஹொஸ்பிட்டல் கெராஜாஆன்’ அரசாங்க மருத்துவமனைதான். அந்தப் பழக்கத்திலேயே பொது ஒளிபரப்பைக் குறிக்கும் ‘பெஞியாரான் அவாம்’ என்பதையும் அரசாங்க ஒளிபரப்பு என்று எழுதுவது பிழை.

‘பொதுச்சேவை ஒளிபரப்பு’ என்று எழுதுவோரும் உண்டு. தமிழ்நாட்டில் அது ஓடலாம், இங்கே ஓடாது. மலேசியத் தமிழில் பொதுச் சேவை என்றாலே அரசு ஊழியர், பதவி உயர்வு, சம்பளத் திருத்தம்தான் நினைவுக்கு வரும். ‘மக்கள் தொலைக்காட்சி’ என்பதும் உதவாது, அது தமிழகத்தில் ஓர் அலைவரிசையின் பெயர். ஆகவே ‘பொது ஒளிபரப்பு’ போதும். குறைவான எழுத்து, சரியான பொருள்.

எதற்கு எந்தச் சொல் என்று ஐயம் வந்தால் இரண்டைப் பாருங்கள்: தலைவரை நியமிப்பவர் யார், பணம் எவ்வழியே வருகிறது. மலேசிய வானொலி தொலைக்காட்சியான ஆர்டிஎம் தகவல் தொடர்பு அமைச்சின்கீழ் உள்ள ஒரு துறை. அதன் தலைமை இயக்குநர் அரசு அதிகாரி, செலவு ஆண்டு பட்ஜெட்டிலிருந்து வருகிறது. எனவே அதன் தலைமையகமான அங்காசாபுரியை ‘அரசுத் தொலைக்காட்சி’ என்று எழுதுவதில் தவறே இல்லை. பிபிசியோ 1927 முதல் மன்னர் வழங்கும் அரச சாசனத்தின்கீழ் இயங்கும் கழகம், அதற்கு மக்கள் கட்டும் உரிமக் கட்டணம் வருகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஆர்டிஎம்மைப் பொது ஒளிபரப்பாக மாற்ற வேண்டும் என்று கேட்பவரின் கோரிக்கையையே தமிழில் எழுத முடியாது. ‘அரசாங்கத் தொலைக்காட்சியை அரசாங்கத் தொலைக்காட்சியாக மாற்ற வேண்டும்’ என்றா எழுதுவது?

பணத்தைக் குறிக்கும் சொற்களிலும் இதே குழப்பம். எல்லாவற்றுக்கும் ‘மானியம்’ என்கிறார்கள். ஆர்டிஎம்முக்கு வருவது ஒதுக்கீடு. பிரிட்டனில் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒருமுறை செலுத்துவது உரிமக் கட்டணம், 2025 ஏப்ரலில் அது 174.50 பவுண்டு ஆனது. நம் நாட்டிலும் ஆண்டுக்கு 24 ரிங்கிட் லைசென்ஸ் கட்டிய காலம் ஒன்று இருந்தது, மூத்தவர்களுக்குத் தெரியும். ஜெர்மனியில் வீட்டில் பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும், அவர்களே அதைப் ‘பங்களிப்பு’ என்கிறார்கள். அமெரிக்காவில் பொது ஒளிபரப்புப் பணத்தை இரண்டு ஆண்டு முன்கூட்டியே ஒதுக்கி வந்தார்கள். ஒரு நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்று அடுத்த பட்ஜெட்டிலேயே அரசியல்வாதி கைவைக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ‘மானியம் நிறுத்தம்’ என்ற தலைப்பில் இது முழுக்கக் காணாமல் போகிறது.

தரம் பற்றிய பேச்சும் இங்கேதான் தடுமாறுகிறது. ஆண்டுக்காண்டு எவ்வளவு வரும் என்று தெரியாத நிலையத்தில், ஆவணப்படமும் சிறுவர் நிகழ்ச்சியும்தான் முதலில் வெட்டுப்படும். அவற்றை எடுக்க மாதக்கணக்கில் முன்பணம் வேண்டும். அந்த நேரத்தை மறுஒளிபரப்பும் விலைக்கு வாங்கிய தொடரும் நிரப்பும். ஆர்டிஎம்மின் டிவி2 தமிழ்ச் செய்திக்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும் என்று மனு எழுதுவோர் ‘மானியம் கூட்டுங்கள்’ என்று நிறுத்திவிடாமல், எந்த ஒதுக்கீட்டில், எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டு எழுதட்டும்.