தடுப்பு அல்ல, வெருட்டு

தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு வல்லரசு தன் "அணு ஆயுதத் தடுப்பை" வலுப்படுத்தப் போவதாகச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த அப்பா, "நல்லதுதானே, இப்பவாவது தடுக்கட்டும்" என்றார். அவர் மேல் தவறே இல்லை. மலேரியாத் தடுப்பு என்றால் மலேரியா வராமல் தடுப்பது. அப்படியானால் அணு ஆயுதத் தடுப்பு என்றால் அணு ஆயுதம் வராமல் தடுப்பதுதானே? ஆனால் செய்தி சொன்னதோ நேர் எதிர்: அந்த நாடு இன்னும் அதிக அணு ஆயுதங்களைச் சேர்க்கப் போகிறது.

தாக்கினால் பதிலடி விழும் என்ற பயத்தால் எதிரியைத் தாக்கவிடாமல் வைத்திருப்பது டிடெரன்ஸ். அந்தச் சொல்லுக்கு நம் ஊடகங்கள் பழக்கிவிட்ட இந்தத் "தடுப்பு" எனக்கு நெடுநாள் உறுத்தல். மூலம் இலத்தீன்: 'தெர்ரேரே' என்றால் அச்சுறுத்துவது, முன்னொட்டோடு சேர்ந்தால் அச்சுறுத்தி விலக்குவது. டெரர் என்பதும் அதே வேரில் பிறந்தது. ஜெர்மன்காரர்கள் 'அப்ஷ்ரெக்குங்' என்று அச்சத்தை உள்ளே வைத்தே சொல்கிறார்கள். தமிழில்தான் அச்சம் காணாமல் போய்விட்டது.

வயலை நினைத்துப் பாருங்கள். வேலி மாட்டைத் தடுக்கிறது. கொல்லையில் நிற்கும் பொம்மை காக்கையைத் தடுப்பதில்லை. காக்கை நினைத்தால் வரலாம், வழி திறந்தே கிடக்கிறது. பயந்து தானாகவே விலகிப் போகிறது. ஈழத்தில் அந்தப் பொம்மைக்குப் பெயர் வெருளி. வேலியின் வேலைக்கும் வெருளியின் வேலைக்கும் ஒரே சொல்லை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1972ஐப் பார்த்தால் போதும்.

அந்த ஆண்டு மே 26 அன்று மாஸ்கோவில் அமெரிக்க அதிபர் நிக்ஸனும் சோவியத் தலைவர் பிரெஷ்னெவும் ஏவுகணைத் தடுப்பு அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த அமைப்பை நிறுவ ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டே இடங்கள். 1974இல் அதையும் ஒன்றாகக் குறைத்தார்கள். தன் மேல் பாய்ந்து வரும் ஏவுகணையை வீழ்த்தும் கருவியை ஒரு நாடு ஏன் தானே விட்டுக்கொடுக்க வேண்டும்? ஒரு பக்கம் முழுக் காப்பு பெற்றுவிட்டால் அதற்குப் பதிலடி பற்றிய பயம் போய்விடும், முதலில் அடிக்கத் துணிவு வரும். அந்தக் காப்பைத் துளைக்க மறுபக்கம் ஏவுகணைகளைக் குவித்துக்கொண்டே போகும். ஆகவே இருவரும் அடிபடக்கூடிய நிலையிலேயே இருப்போம், அந்தப் பயமே இருவரையும் நிறுத்தி வைக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். இதை நம் ஊடகத் தமிழில் எழுதினால், "தடுப்பைக் காப்பாற்றத் தடுப்பைக் கட்டுப்படுத்தினார்கள்" என்று வரும். யாருக்கு என்ன புரியும்? 1986இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் அணு ஆயுதங்களையே ஒழிப்பது வரை பேசிவிட்டு, வரும் ஏவுகணைகளை வீழ்த்தும் ரீகனின் விண்வெளிக் காப்புத் திட்டத்தில் முட்டி நின்றதும் இதே சிக்கலால்தான்.

இன்னொரு குறையும் உண்டு. தடுப்பூசி, தடுப்பணை, தடுப்பு மருந்து என்று அந்தச் சொல்லோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் நன்மை. அந்த நல்ல பெயர் அணுகுண்டுக்கும் ஒட்டிக்கொள்கிறது. குவிப்பவர்கள் சரியா, களையச் சொல்பவர்கள் சரியா என்ற வாதம் தொடங்கும் முன்பே தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

சரி, "மிரட்டல்" என்று சொல்லலாமா? கூடாது. செய்யாதே என்று நிறுத்துவது வேறு, செய் என்று பணியவைப்பது வேறு என்று அமெரிக்கப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் பிரித்துக் காட்டினார். மிரட்டல் என்றதும் நம் மனம் இரண்டாவதற்குத்தான் போகிறது, பணம் கேட்டு மிரட்டுவது போல. "அச்சுறுத்தல்" பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் எதிரியிடமிருந்து நமக்கு வரும் ஆபத்தையும் அப்படித்தான் எழுதுகிறோம்.

மருள், மருட்டு, திரள், திரட்டு. அதே வழியில் வெருள் என்றால் அஞ்சு, வெருட்டு என்றால் அஞ்சவை. ஈழத்தில் இன்றும் வீட்டுப் பேச்சில் உள்ள வினை இது. தமிழகத்துக்குப் புதிதும் அல்ல; குறளின் 57ஆம் அதிகாரமே 'வெருவந்த செய்யாமை', அதாவது பிறர் அஞ்சும்படியானதைச் செய்யாமை. பழஞ்சொல் என்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. வேறு வேலை எதுவும் சுமக்காத சொல், அச்சத்தை மறைக்காத சொல் என்பதற்காகக் கேட்கிறேன். கொள்கைக்கு அணு வெருட்டு, அதற்கான வலிமைக்கு வெருட்டாற்றல். 2003 ஜனவரியில் இந்தியா அறிவித்த கொள்கையை "நம்பத்தக்க குறைந்தபட்ச வெருட்டாற்றல்" என்று எழுதினால், "நம்பத்தக்க" ஏன் அங்கே நிற்கிறது என்பதும் விளங்கும். வெறும் பொம்மை என்று தெரிந்துவிட்டால் காக்கை இறங்கிவிடும்.

மொழிபெயர்ப்பவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆயுதங்களை அடியோடு விட்டுவிடும் ஆயுதக் களைவு என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் ஆயுதக் குறைப்பு என்று எழுதுகிறார்கள். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவு பேசுவது களைவைப் பற்றி. குறைப்பு என்று எழுதினால், பாதியைக் குறைத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளும் நாடும் சொன்னதைச் செய்துவிட்டதாக ஆகிவிடும்.