‘டெம்பரரி ஃபெயிலியர் ரிசால்விங்’: ஆப்ட் உங்ககிட்ட என்ன சொல்ல வருது?

உபுண்டு, டெபியன் மாதிரி ஒரு லினக்ஸ புதுசா போட்டவங்க டெர்மினல்ல முதல்ல அடிக்கிறது பெரும்பாலும் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ தான். ஆப்ட்ங்கறது சாஃப்ட்வேர நெட்லருந்து இறக்கி போட்டுக் குடுக்குற டூல். அதுல அடிக்கடி வர்ற ஒரு எரர் ‘டெம்பரரி ஃபெயிலியர் ரிசால்விங் ஆர்கைவ் டாட் உபுண்டு டாட் காம்’. இத பார்த்ததும் லினக்ஸே சரியில்லன்னு சிலபேர் திரும்ப ஓஎஸ் போட உட்கார்ந்துடுவாங்க. ஆனா அந்த ஒரு வரி ரொம்ப தெளிவா பேசுது. சர்வர் டவுன்னு அது சொல்லல, இந்தப் பேருக்கு உண்டான ஐபி நம்பர் எனக்கு கிடைக்கல, அவ்ளோதான்னு சொல்லுது.

சரி, பேருக்கு ஐபி நம்பர் தேடித் தர்ற டிஎன்எஸ் மட்டும் வேலை செய்யலையா, இல்ல அதுக்கும் அடியில நெட்டே இல்லையா? இத அடியிலருந்து பார்த்துட்டு வர்றது தான் சுலபம். முதல்ல ‘ஐபி ஏ’ அடிங்க. வைஃபை கார்டுக்கு நேரா 192.168ன்னோ 10ன்னோ ஆரம்பிக்கிற நம்பர் இருந்தா பெரும்பாலும் ரௌட்டர் உங்களுக்கு அட்ரஸ் குடுத்துருச்சு. 169.254ல ஆரம்பிச்சா, அட்ரஸ் குடுக்குற டிஎச்சிபிகிட்ட கேட்டு கேட்டு பதிலே வராம மெஷினே தனக்கு ஒரு நம்பர வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு, அத வச்சு இன்டர்நெட் பக்கம் போக முடியாது. பழைய டுடோரியல்ல எல்லாம் ‘ஐஎஃப்கான்ஃபிக்’னு இருக்கும், அது 1983ல வந்த 4.2 பிஎஸ்டி காலத்து சரக்கு, டெபியன் 9லருந்து அது தானா வர்றதும் இல்ல, அதனால ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’னு வந்தா பயப்படாதீங்க.

அடுத்து ‘ஐபி ஆர்’. அதுல ‘டீஃபால்ட் வியா 192.168.1.1’ மாதிரி ஒரு வரி இருக்கணும். எங்க அனுப்புறதுன்னு தெரியாத பாக்கெட் எல்லாத்தையும் அந்த அட்ரஸ்கிட்ட தள்ளிவிடுன்னு ஓஎஸ்ஸோட மையமான கர்னலுக்கு சொல்லி வச்சிருக்கறது அந்த வரிதான். அது இல்லன்னா பக்கத்து ரூம் பிரிண்டர் வரைக்கும் போகலாம், வெளிய போக முடியாது. விபிஎன் போட்டு எடுத்தப்புறம் இந்த வரி காணாம போறது நிறைய பேருக்கு நடக்குற ஒண்ணு.

ரெண்டும் சரியா இருந்தா பிங். 1983 டிசம்பர்ல அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்கூடத்துல வேலை பார்த்த மைக் மஸ்னு ஒருத்தர், அங்க இருந்த நெட்வொர்க் கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கறதுக்காக எழுதுன குட்டி ப்ரோகிராம் இது, இன்னிக்கும் முதல்ல எல்லாரும் அதத்தான் எடுக்குறாங்க. அது ஐசிஎம்பி எக்கோன்னு ஒரு பாக்கெட்ட அனுப்பும், அந்தப் பக்கம் இருக்கறவன் அதையே திருப்பி அனுப்பணும், போய் வர எவ்ளோ மில்லிசெகண்ட்னு கணக்கு காட்டும். முதல்ல கேட்வேய, அதாவது ‘வியா’க்கு அப்புறம் இருந்த அட்ரஸ பிங் பண்ணுங்க, அப்புறம் கூகுளோட டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8. ரெண்டுக்கும் பதில் வந்து, பேர போட்டு பிங் பண்ணா மட்டும் வரலன்னா, பெரும்பாலும் டிஎன்எஸ் தான். ஆனா சில ஆஃபீஸ், காலேஜ் ஃபயர்வால் ஐசிஎம்பியவே அடைச்சு வச்சிருக்கும், அங்க பிரௌசர் ஜோரா ஓடும் பிங் மட்டும் செத்துக் கிடக்கும், அத வச்சு நெட் இல்லன்னு முடிவு கட்டக்கூடாது.

டிஎன்எஸ் பார்க்கலாம்னு எட்ஸி ஃபோல்டர்ல இருக்கற ‘ரிசால்வ் டாட் கான்ஃப்’ ஃபைலத் திறந்தா உபுண்டுல 127.0.0.53னு ஒரு நம்பர் இருக்கும். 127ல ஆரம்பிச்சா அது நம்ம மெஷினே தான, அப்ப யார்கிட்ட கேட்குது? சிஸ்டம்டி ரிசால்வ்டுன்னு ஒரு சர்வீஸ் உள்ளயே உட்கார்ந்து கேள்விய வாங்கிக்கிட்டு உண்மையான டிஎன்எஸ் சர்வருக்கு அனுப்புது. அந்த உண்மையான சர்வர் எதுன்னு தெரியணும்னா ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ அடிக்கணும். இது தெரியாம அந்த ஃபைல கையால மாத்தி 8.8.8.8னு எழுதி சேவ் பண்ணி, ரீஸ்டார்ட் பண்ணா பழையபடியே இருக்கேன்னு புலம்புறவங்க ஏராளம், ஏன்னா அது வழக்கமா சர்வீஸே எழுதி வைக்கிற வேற ஒரு ஃபைலுக்கு போடப்பட்ட லிங்க்.

இன்னொரு எரர் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. லாட்ஜ் வைஃபையிலயோ காலேஜ் வைஃபையிலயோ லாகின் பண்ணாம ஆப்ட் அப்டேட் அடிச்சா, ‘கிளியர்சைன்டு ஃபைல் இஸின்ட் வேலிட், காட் நோஸ்ப்ளிட்’னு வந்து பக்கத்துலயே ‘டஸ் த நெட்வொர்க் ரிக்வயர் ஆதென்டிகேஷன்’னு ஒரு கேள்வியும் கேட்கும். நடந்தது என்னன்னா, ஆப்ட் கேட்டது கையெழுத்து போட்ட ஒரு ஃபைல், ஆனா நடுவுல இருந்த வைஃபை பெட்டி எதக் கேட்டாலும் தன்னோட லாகின் பக்கத்தையே நீட்டுது. ஆப்ட் அதுல கையெழுத்த தேடுது, காணோம், அப்ப நடுவுல எவனோ பதில் சொல்றான்னு அதுவே யூகிச்சுக்குது.

அந்த கையெழுத்து விஷயம் தான் மொத்த சிஸ்டத்துக்கும் அடிப்படை. மொதல்ல ஒண்ணு, ‘அப்டேட்’ எந்த சாஃப்ட்வேரையும் மாத்தாது, மளிகைக் கடையில புது விலைப்பட்டியல் வாங்கிட்டு வர்ற மாதிரி லிஸ்ட்ட மட்டும் கொண்டு வரும், சாமான் வாங்குறது ‘அப்கிரேட்’. அந்த லிஸ்ட் பெருசு, 2023ல வந்த டெபியன் 12ல மட்டும் 64,000க்கு மேல பேக்கேஜ், அதாவது சாஃப்ட்வேர் பொட்டலம் இருக்கு. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் நேரா அதோட எஸ்எச்ஏ 256 ஹாஷ், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர் எழுதியிருக்கும். அந்த லிஸ்ட்டோட ஹாஷ் ‘இன்ரிலீஸ்’னு ஒரு சின்ன ஃபைல்ல இருக்கும், அந்த சின்ன ஃபைலுக்கு மட்டும் டெபியனோ உபுண்டுவோ தங்களோட சாவியால கையெழுத்து போடுவாங்க. ஒரே ஒரு கையெழுத்து, ஆனா அதப் பிடிச்சுக்கிட்டு 64,000 பேக்கேஜையும் சரிபார்த்துடலாம். அதனால தான் எவனோ நடத்துற மிரர்லருந்து (நகல் சர்வர்), பூட்டு போடாத சாதா எச்டிடிபியில டவுன்லோட் பண்ணாலும் ஒரு பைட் மாறியிருந்தா ஆப்ட் தூக்கிப் போட்டுடும்.

மதர்போர்டு பேட்டரி செத்துப்போன பழைய பிசியில ‘ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் எட்’னு வர்றதும் இந்த செக்கால தான். மெஷினோட கடிகாரம் பல வருஷம் பின்னாடி போயிருக்கும், அதோட கணக்குல அந்த ஃபைல் இன்னும் பொறக்கவே இல்ல. தேதிய சரி பண்ணா போதும்.

இதெல்லாம் உடைக்கவே முடியாததான்னு கேட்டா, இல்ல. 2019 ஜனவரியில ஆப்ட்டுக்குள்ளயே ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்க, எச்டிடிபி ரீடைரக்ட்ட கையாளுற இடத்துல நடுவுல இருக்கறவன் புகுந்து பொய்யான ஹாஷையே சரின்னு நம்ப வைக்க முடிஞ்சுது, உடனே ஒட்டுப் போட்டாங்க. அத விட மோசம் 2024 மார்ச் 29 அன்னிக்கு வெளிய வந்த எக்ஸ்இசட் விவகாரம். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு இன்ஜினியர், தூரத்து மெஷினுக்குள்ள போற எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்த விட அரை செகண்ட் லேட்டா ஆகுதேன்னு நோண்டப் போய், ஒரு கம்ப்ரெஷன் லைப்ரரிக்குள்ள அத பராமரிக்கிற ஆளே கள்ளக் கதவு வச்சிருந்தத கண்டுபிடிச்சார். எல்லாரும் பயன்படுத்துற டெபியன் ஸ்டேபிள் தப்பிச்சுது, சோதனைக் கிளைகளான டெஸ்டிங்கும் அன்ஸ்டேபிளும் மாட்டுச்சு. அங்க கையெழுத்து எல்லாம் பக்காவா தான் இருந்துச்சு. வழியில யாரும் மாத்தலன்னு தான் கையெழுத்து சொல்லும், உள்ள இருக்கறது நல்லதான்னு அதுக்குத் தெரியாது.

லிஸ்ட் வந்தாச்சு, இப்ப ‘ஆப்ட் இன்ஸ்டால்’. நீங்க கேட்ட பேக்கேஜுக்கு வேற நாலு வேணும், அந்த நாலுக்கும் குறிப்பிட்ட வெர்ஷன் தான் வேணும், சிலது ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கக் கூடாது. எல்லா நிபந்தனையும் ஒரே நேரத்துல ஒத்துப்போற ஒரு கூட்டணி இருக்கான்னு கண்டுபிடிக்கறது கணினியியல்ல என்பி கம்ப்ளீட்னு சொல்ற வகை, அதாவது மோசமான கேஸ்ல எல்லாத்துக்கும் சட்டுனு விடை தர்ற வழி இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. நடைமுறையில குறுக்கு வழி போட்டு தான் ஆப்ட் சமாளிக்குது, சில நேரம் அந்த குறுக்கு வழி விபரீதமா போகும். 2021 நவம்பர்ல யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ்ங்கற லினக்ஸ்ல கேம் ஆப்பான ஸ்டீம் போடப் போனார், அந்த நேரம் பார்த்து பேக்கேஜ் வெர்ஷன்கள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல, டெஸ்க்டாப்ப மொத்தமா தூக்கிட்டா ஸ்டீம் போட்டுடலாம்னு ஆப்ட் ஒரு ‘தீர்வு’ சொல்லுச்சு. எச்சரிக்கையும் குடுத்துச்சு, ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே’னு முழுசா டைப் பண்ணா தான் செய்வேன்னுச்சு, அவர் டைப் பண்ணிட்டார், டெஸ்க்டாப் போயிடுச்சு. அவர கிண்டல் பண்ணவங்க நிறைய, எனக்கென்னமோ கேம் போட வந்தவன்கிட்ட டெஸ்க்டாப்ப பலி கேட்குற டூல் மேல தான் தப்பு. அப்புறம் முக்கியமான பேக்கேஜ தானா தூக்க முடிவு பண்ணக் கூடாதுன்னு ஆப்ட்டையும் மாத்துனாங்க. இன்னிக்கும் ‘தி ஃபாலோயிங் பேக்கேஜஸ் வில் பி ரிமூவ்டு’ங்கற லிஸ்ட்ட படிக்காம ஒய் அடிக்காதீங்க.

இதுக்கப்புறம் ஆப்ட்டுக்கு பெருசா வேலை இல்ல, அதுக்கும் அடியில இருக்கற டிபிகேஜி கிட்ட ஒப்படைச்சுடும். டெப் ஃபைல்ங்கறது ஒரு சாதா ஏஆர் கட்டு, உள்ள ஃபார்மட் வெர்ஷன் எழுதுன குட்டி ஃபைல் ஒண்ணு, விவரமும் ஸ்கிரிப்ட்டும் இருக்கற கண்ட்ரோல் கட்டு ஒண்ணு, நிஜமான ஃபைல்கள் இருக்கற டேட்டா கட்டு ஒண்ணு. டிபிகேஜி புது ஃபைல நேரா பழசு மேல எழுதாது, பேருக்குப் பின்னாடி ‘டிபிகேஜி நியூ’ன்னு ஒட்டி பக்கத்துல வச்சுட்டு, முழுசா எழுதி முடிச்சப்புறம் பேர மாத்தும். ஒவ்வொரு கட்டத்துலயும் இந்த பேக்கேஜ் பிரிச்சாச்சு, இது பாதி செட்டப்ல நிக்குதுன்னு ஒரு ஸ்டேட்டஸ் ஃபைல்ல குறிச்சுக்கிட்டே போகும். நடுவுல கரண்ட் போயிட்டா அடுத்த தடவை ஆப்ட் ‘டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்’னு சொல்லி நிக்கும், என்ன கமாண்ட் அடிக்கணும்னும் அதே வரியில இருக்கும், ‘டிபிகேஜி’ன்னு எழுதி ‘டபுள் டாஷ் கான்ஃபிகர், டாஷ் ஏ’. அத சூடோவோட அடிச்சா ஸ்டேட்டஸ் ஃபைலப் பார்த்து விட்ட இடத்துலருந்து மீதிய முடிச்சுக்கும்.