இஸ்திரிச் சூடு ஆறட்டும், பிறகு மடியுங்கள்

இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்றே 20 ஆண்டுகள் ஓடிவிட்டன. துணி கொடுக்க வருபவர்கள், எப்படி இவ்வளவு வேகமாக மடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். எப்போது மடிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. தேய்த்த சட்டை வீணாவது பெரும்பாலும் அதில்தான்.

பருத்தி இழை சூட்டிலும் ஈரத்திலும் இளகும். ஆறும்போது எப்படிக் கிடக்கிறதோ அப்படியே படிந்துவிடும். இஸ்திரி பலிப்பதே இதனால்தான். சூட்டோடு மடித்தால் மடிப்பும் சேர்ந்து படிந்துவிடுகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வெள்ளைச் சட்டையை அப்படி மடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாளே திரும்பி வந்தது. மூன்றாவது பட்டனுக்குக் கீழே, மார்பின் குறுக்கே, பென்சிலால் இழுத்தாற்போல் ஒரு கோடு. தண்ணீர் தெளித்து மறுபடி தேய்த்த பிறகே மறைந்தது.

இப்போதெல்லாம் தேய்த்ததும் ஹேங்கரில் மாட்டிப் பத்து நிமிடம் விட்டுவிடுகிறேன். எடுக்கும் முன் காலரையும் கைப்பட்டியையும் தொட்டுப் பாருங்கள். அங்கே துணி பல அடுக்காக இருப்பதால் ஈரம் கடைசியில்தான் போகும். அந்த ஈரத்தோடு அலமாரிக்குள் வைத்தால் பூஞ்சை வாடை பிடித்துக்கொள்ளும்.

மடிப்பது பெரிய வித்தை அல்ல. மேல் பட்டனையும், அதிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக மற்றவற்றையும் போடுங்கள். இதைத் தவிர்த்தால் முன்பக்கம் நழுவும். பிறகு எவ்வளவு வேகமாக மடித்தாலும் பயனில்லை. சட்டையைக் குப்புறப் போட்டு, முதுகை உள்ளங்கையால் நீவிவிடுங்கள். காலருக்கும் தோள்முனைக்கும் நடுவிலிருந்து ஒரு பக்கத்தை முதுகின்மேல் மடித்து, சட்டைக் கையை அந்த விளிம்பை ஒட்டி நேராகக் கீழே இறக்குங்கள். மறுபக்கமும் அப்படியே. அடிவிளிம்பை நான்கு விரல் அகலம் மேலே மடித்துவிட்டு, மீதியைக் காலர்வரை கொண்டுபோய்த் திருப்பிப் போடுங்கள்.

டி-சர்ட்டுக்கு இவ்வளவு வேலை இல்லை. முன்பக்கம் மேலே தெரிய, கழுத்து வலப்புறம் வரும்படி விரியுங்கள். எதிர்ப்புறத் தோளின் நடுவை வலக்கையாலும், அதே நேர்க்கோட்டில் சட்டையின் நடுப்பகுதியை இடக்கையாலும் கிள்ளிப் பிடியுங்கள். வலக்கையை இடக்கைக்கு மேலாகக் கொண்டுபோய், தோளை விடாமல் அடிவிளிம்பையும் சேர்த்துப் பிடியுங்கள். கைகளைப் பிரித்துத் தூக்கி உதறி, மிஞ்சிய கைப்பகுதி அடியில் போகும்படி கீழே வைத்தால் முடிந்தது. நான்கைந்து முறை தவறும்; பிறகு கை பழகிவிடும்.

நெடுநாள் எடுத்துவைக்கும் சட்டைக்குக் கஞ்சி வேண்டாம். புத்தகங்களை அரிக்கும் ராமபாணப் பூச்சி அந்த மாவைத் தேடித்தான் வருகிறது. ஒருமுறை உடுத்ததுதானே என்று துவைக்காமலும் வைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வியர்வைக் கறை நாள்பட மஞ்சளாகிவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, பழைய மடிப்புக்கு இரண்டு விரல் தள்ளி மடியுங்கள். ஒரே இடத்தில் வருடக்கணக்கில் மடிந்து கிடந்த துணி, முதலில் அந்தக் கோட்டில்தான் இற்றுப்போகிறது.