போனஸ் என்பது ஊக்கத்தொகை அல்ல

வங்கி அதிகாரிகளுக்குக் கோடிக்கணக்கில் போனஸ் கொடுத்த செய்தி தமிழில் வரும்போதெல்லாம் ‘ஊக்கத்தொகை’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. நட்டத்தில் மூழ்கிய நிறுவனம் ஊக்கத்தொகை வழங்கியது, அரசு காப்பாற்றிய வங்கியில் ஊக்கத்தொகை என்றெல்லாம் எழுதுகிறார்கள். யாரை, எதற்காக ஊக்கினார்கள் என்று மொழிபெயர்ப்பவர் நின்று யோசிப்பதில்லை. இந்தச் சொல் தவறு. ஆட்சியில் இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வியை அது எழும்பவே விடாமல் அமுக்கிவிடுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய குறை.

‘போனஸ்’ என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் ‘போனஸ்’ என்றால் ‘நல்ல’. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டன் பங்குச்சந்தைப் புழக்கத்தில் ‘மேல்வரவு’ என்ற பொருளை ஏற்றுக்கொண்டது என்பார்கள். இந்தியாவில் ஆலைகளின் வழியே பரவியது. 1917-இல் அகமதாபாத்தில் பிளேக் பரவியபோது, நெசவாளர்கள் ஊரைவிட்டுப் போய்விடாமல் இருக்க ஆலை முதலாளிகள் ‘பிளேக் போனஸ்’ கொடுத்தார்கள். மறு ஆண்டு அதை நிறுத்தியதில் எழுந்த வேலைநிறுத்தத்தைத்தான் காந்தி முன்னின்று நடத்தினார். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 4 விழுக்காடு, கூடினால் 20 விழுக்காடு என்று வரையறுத்தது; அந்தக் குறைந்த அளவு பின்னர் 8.33 ஆக உயர்ந்தது. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். லாபமே இல்லாத ஆண்டிலும் அந்தக் குறைந்த அளவைக் கொடுத்தாக வேண்டும். ஆகவே நம் ஆலைத் தொழிலாளியின் தீபாவளி போனஸ் அவர் கேட்டுப் பெறும் உரிமை. அந்தப் பொருளில் ‘போனஸ்’ தமிழாகவே ஆகிவிட்டது. அதை மாற்றும்படி யாரையும் வற்புறுத்த மாட்டேன்.

வங்கியாளர் பெறும் தொகை வேறு இனம். அதற்கு ‘ஊக்கத்தொகை’ என்பது எப்படிப் பொருந்தாமல் போகிறது என்று பார்க்க, ஊரறிந்த விவகாரம் ஒன்றே போதும். அமெரிக்காவின் ஏ.ஐ.ஜி. ஒரு காப்பீட்டு நிறுவனம்தான். ஆனால் அதன் நிதிப் பிரிவு, வங்கிகள் வைத்திருந்த கடன் பத்திரங்கள் மூழ்கினால் ஈடு தருவதாக ஒப்பந்தங்களை விற்றுத் தள்ளியிருந்தது. 2008 செப்டம்பரில் அமெரிக்க அரசு தலையிட்டு நிறுவனத்தில் 79.9 விழுக்காட்டைக் கையில் எடுத்தது. உதவி படிப்படியாக 18,200 கோடி டாலர்வரை போனது. அந்த ஆண்டு நட்டம் 9,900 கோடி டாலருக்கு மேல். 2009 மார்ச்சில் அதே நிதிப் பிரிவினருக்கு 16.5 கோடி டாலர் போனஸாகப் போனது. 73 பேர் ஆளுக்குப் பத்து லட்சம் டாலரும் அதற்கு மேலும் பெற்றதாக நியூயார்க் மாநில அரசு வழக்குரைஞர் ஆண்ட்ரூ குவோமோ வெளியிட்டார்.

அந்தத் தொகைக்கு நிறுவனமே வைத்த பெயர் என்ன? வேலையை விட்டுப் போகாமல் இருக்கத் தரும் பணம். ‘தக்கவைப்புத் தொகை’ என்று சொல்லலாம். 1917-இல் அகமதாபாத் முதலாளிகள் கொடுத்ததும் அந்த வகைதான், ஆனால் அந்த நெசவாளர்கள் பிளேக்குக்கு நடுவே தறியில் நின்றார்கள். ஏ.ஐ.ஜி.யில் அந்த 73 பேரில் 11 பேர் வேலையை விட்டே போயிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெற்றது 46 லட்சம் டாலர். தக்கவைக்கவும் இல்லை, ஊக்கவும் இல்லை. இதை ஊக்கத்தொகை என்று எழுதுவது மொழிபெயர்ப்பே அல்ல. நிறுவனம்கூடச் சொல்லாத ஒரு நியாயத்தை நாமாகவே எடுத்துக் கொடுக்கிறோம்.

ஊக்கம் என்பது உள்ளக் கிளர்ச்சி. ஊக்குதல் முயலுதல், முயலத் தூண்டுதல். ஆகவே ‘ஊக்கத்தொகை’ என்று எழுதியதும் நல்ல முயற்சி ஒன்று நடந்தது, அதைத் தூண்டப் பணம் தந்தார்கள் என்ற தீர்ப்பு வாசகரின் மனத்தில் விழுந்துவிடுகிறது. சர்ச்சையே அதைப் பற்றித்தான்! விளையாட்டு வீரருக்கும் ஆய்வு மாணவருக்கும் தரும் தொகையை அப்படிச் சொல்லட்டும், பொருந்துகிறது. வங்கியாளர் செய்ததற்கு வள்ளுவரின் அளவுகோல் வேறு: ‘ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்.’ வரப்போகும் லாபத்தை எண்ணி முதலையே இழக்கும் செயலை அறிவுடையவர் மேற்கொள்ளமாட்டார். அங்கே ‘ஊக்கார்’ என்றே சொல்லியிருக்கிறார். முதலை இழந்தவர்களுக்கு நாம் ஊக்கத்தொகை கொடுக்கிறோம்.

‘வெகுமதி’ என்பாரும் உண்டு. அது கொடுப்பவரின் மனமகிழ்வைச் சொல்வது. ஒப்பந்தப்படி வந்த பணத்துக்கு ஆகாது. ‘சன்மானம்’ மரியாதைக்கு உரியது. ‘கருணைத் தொகை’ நம் அரசாணைகளில் சட்டப்படியான போனசுக்கு மேல் தருவதைக் குறிக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

என் பரிந்துரை ‘மிகையூதியம்’. புதிதாக நான் கட்டியதல்ல; தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் ‘மிகை ஊதியம்’ என்று நெடுநாளாக வழங்குவதுதான். இன்று ஊதியம் என்றால் சம்பளம். பழந்தமிழில் அது லாபம், பயன்: ‘ஈதல் இசைபட வாழ்தல் அதுவல்லது ஊதியம் இல்லை உயிர்க்கு.’ இரண்டு பொருளும் இங்கே ஒட்டுகின்றன: சம்பளத்துக்கு மேல் வந்தது, லாபத்தின் பெயரால் எடுத்தது. மிகைநேர ஊதியத்தோடு குழம்பும் என்பார்கள். அதில் ‘நேரம்’ இருக்கிறதே, குழம்பாது. ‘மிகை’ என்பதில் அளவு மீறியது என்ற கண்டனம் தொனிக்கிறது என்ற மறுப்புக்குத்தான் கொஞ்சம் வலு உண்டு. ஆனால் நம் அரசே தன் ஊழியர்களுக்குத் தரும்போது இந்தச் சொல்லை ஆள்கிறது. அங்கே யாருக்கும் கண்டனம் கேட்கவில்லை. வேண்டியதைவிடக் கூடுதல் என்பது கணக்கு, திட்டு அல்ல.

சொல்லைத் திருத்தினாலும் வாக்கியம் திருந்தாவிட்டால் பாதி வேலைதான். ‘வழங்கப்பட்டது’ என்ற வினை மொழிபெயர்ப்புச் செய்திகளைத் தின்றுகொண்டிருக்கிறது. யார் வழங்கினார்? யார் அனுமதித்தார்? 2009 பிப்ரவரியில் நிறைவேறிய பொருளாதார ஊக்குவிப்புச் சட்டத்தில், அரசு உதவி பெற்ற நிறுவனங்களின் போனசுக்குக் கட்டுப்பாடு போட்ட பிரிவை எழுதியவர் செனட்டர் கிறிஸ் டாட். ஆனால் பிப்ரவரி 11 வரை செய்த ஒப்பந்தங்களுக்கு அதே பிரிவு விலக்கும் தந்தது. ஏ.ஐ.ஜி. ஒப்பந்தங்கள் அதற்குள் அடங்கின. தமக்குத் தெரியாது என்று முதலில் சொன்ன டாட், பிறகு கருவூலத் துறை அதிகாரிகள் கேட்டதால் மாற்றியதாக ஒப்புக்கொண்டார். பிரதிநிதிகள் சபை கொதித்தெழுந்து 90 விழுக்காடு வரி விதிக்கும் மசோதாவை 328-க்கு 93 என்று நிறைவேற்றியது. செனட்டில் அது கிடப்பிலேயே போனது. இத்தனை கைகள் பட்ட பணத்தை ‘வழங்கப்பட்டது’ என்று எழுதினால் ஒரு கையும் தெரியாது.

பொறுப்பு தம்முடையதே என்று அதிபர் ஒபாமா அப்போது சொன்னார். இதை ‘ஒபாமா பொறுப்பேற்றார்’ என்று எழுதினால் தமிழில் அவர் பதவியில் அமர்ந்தார் என்று ஆகும்; அது அந்த ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. பொறுப்பு ‘பொறு’ என்ற வினையில் பிறந்தது, சுமப்பது. சுமப்பதும் கணக்குச் சொல்வதும் வேறு. இலங்கைத் தமிழர் வழங்கும் ‘பொறுப்புக்கூறல்’ அந்த இரண்டாவதைச் சரியாகப் பிடிக்கிறது. தமிழ்நாட்டு எழுத்தாளர்கள் அதைத் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைக் காப்பாற்ற அரசு 4,550 கோடி பவுண்டு போட்டு, ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உரிமை பெற்றது. 2012 ஜனவரியில் தலைமை நிர்வாகி ஸ்டீபன் ஹெஸ்டருக்கு 9,63,000 பவுண்டு மதிப்புள்ள பங்குகள் என்றபோது, அது இயக்குநர் குழுவின் முடிவு என்று அரசு ஒதுங்கப் பார்த்தது. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு வரும் என்றதும் ஹெஸ்டர் தாமே அதை வேண்டாம் என்றார். அமைச்சர்கள் பொறுப்புக்கூறவில்லை, அவர் விட்டுக்கொடுத்தார். இரண்டையும் தனித்தனியே சொல்லச் சொல் வேண்டும்.

பெயர் மாற்றம் என்ன செய்யும் என்பதை ஐரோப்பிய வங்கிகளே காட்டின. 2014 முதல் மிகையூதியம் நிலையான சம்பளத்தை மிஞ்சக் கூடாது, பங்குதாரர் ஒப்பினால் இரு மடங்குவரை போகலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்தது. உடனே பல வங்கிகள் பதவிக்கான படி என்று ஒன்றைத் தொடங்கின. அவற்றில் பெரும்பாலானவை நிலையான சம்பளம் ஆகாது என்று ஐரோப்பிய வங்கி ஆணையம் அதே ஆண்டு அக்டோபரில் கருத்துரைத்தது. பிரிட்டன் அந்த வரம்பை 2023 அக்டோபர் 31-இல் எடுத்துவிட்டது. எடுக்கப்போவதாக 2022 செப்டம்பரில் அறிவித்தவர் நிதியமைச்சர் குவாசி குவார்டெங்; நடைமுறைப்படுத்தியவை கண்காணிப்பு அமைப்புகள். ‘ஊக்கத்தொகை வரம்பு நீக்கப்பட்டது’ என்று இதை எழுதாதீர்கள். ‘வங்கியாளர் மிகையூதியத்துக்கு இருந்த உச்சவரம்பை பிரிட்டன் நீக்கியது’ என்று எழுதுங்கள்.