பீட்டா பிளாக்கர்: அடைப்பானா, மறிப்பியா?

கண் பிரஷருக்கு விடும் சொட்டு மருந்து பற்றித் தமிழில் எழுதும் குறிப்புகளில், பீட்டா பிளாக்கர் என்ற மருந்து வகைக்கு ‘பீட்டா அடைப்பான்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. மாடு வளர்க்கும் யாரிடமாவது இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். ஆந்த்ராக்ஸ் நோய்க்குத் தமிழ்நாட்டுக் கால்நடைத் துறை வழங்கும் பெயரே அடைப்பான்தான். ‘தினமும் காலையில் கண்ணில் ஒரு சொட்டு அடைப்பான்’ என்றால் அவர் மிரளத்தானே செய்வார்?

சொல்லின் வரலாறு சுருக்கமானது. அட்ரினலின் வகைப் பொருள்கள் உடலில் போய்ச் சேரும் ஏற்பிகளை 1948-இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டாகப் பிரித்தார். பீட்டா ஏற்பிகளில் அட்ரினலினைச் சேரவிடாத மருந்தை 1960-களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கினார். 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இந்த வகையில் கண்ணில் விடும் திமோலால் 1978-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பிளாக்கரில் உள்ள ‘பிளாக்’ (block) என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் டச்சு மொழியில் மரத்துண்டு; வழியில் கிடக்கும் கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். பீட்டா வெறும் கிரேக்க எழுத்து. அதை அப்படியே விட்டுவிடலாம். ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு ‘பீட்டா தடுப்பு’ என்றால் சிலருக்கு வேறு நினைவு வரும், அது தனிக்கதை.

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஊறி வடிந்துகொண்டே இருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. வடிகால் சரியில்லாமல் அழுத்தம் கூடினால் பார்வை நரம்பு சேதமாகும்; இந்த நோய்தான் கிளாக்கோமா. திமோலால் அந்த நீர் ஊறுவதைக் குறைக்கிறது. அழுத்தம் பொதுவாக 20 முதல் 30 சதவீதம் வரை இறங்கும்.

சரி, அடைப்புக்கு வருவோம். இந்தச் சொட்டு மருந்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் ‘அடைப்பு’ நான்கு வேடத்தில் வந்து நிற்கிறது. மருந்து, பீட்டா அடைப்பான். நோயின் ஒரு வகை, கோண அடைப்பு கிளாக்கோமா. மருந்து விட்டதும் செய்ய வேண்டியது, கண்ணீர்த் துளை அடைப்பு, அதாவது மூக்கை ஒட்டிய கண்ணின் ஓரத்தை விரலால் அழுத்துவது. மருந்தை யாருக்குத் தரக்கூடாது என்றால், இதய அடைப்பு உள்ளவர்களுக்கு. ஒன்று மருந்து, ஒன்று நோய், ஒன்று செய்முறை, ஒன்று எச்சரிக்கை. எழுபது வயதில், பார்வை மங்கிய ஒருவர் இதில் எதை எதோடு சேர்த்துப் புரிந்துகொள்வார்?

நான்காவதுதான் ஆபத்து. தமிழில் இதய அடைப்பு என்றால் ரத்தக்குழாயில் கொழுப்பு அடைத்து, ஸ்டென்ட் வைத்து, மாரடைப்பு வரை போகிற சங்கதி. மருத்துவர் சொல்லும் ஹார்ட் பிளாக் அதுவல்ல. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்துடிப்பு தாமதப்படுவது அல்லது நின்றுபோவது. நாடி மெதுவாகும், தலை சுற்றும், மயக்கம் வரலாம். ஸ்டென்ட் வைத்தவர் ‘எனக்கு அடைப்பு இருந்தது’ என்று பயந்து பாட்டிலை மூடி வைத்துவிடுவார். மாரடைப்புக்குப் பிறகு பலருக்கு இதே குடும்பத்து மாத்திரையைத்தான் எழுதித் தருகிறார்கள். உண்மையில் நாடி மெதுவாக ஓடுகிறவரோ ‘எனக்குக் குழாயில் அடைப்பு எதுவும் இல்லையே’ என்று நிம்மதியாக விட்டுக்கொள்வார். பிழையான மொழிபெயர்ப்பு இருவரையும் நேர் எதிர்த்திசையில் அனுப்புகிறது.

இன்னொரு போட்டியாளர், ‘பீட்டா தடுப்பு மருந்து’. இது கேட்க இயல்பாக இருக்கிறது, அதனால்தான் பிடிக்கவில்லை. தடுப்பு மருந்து என்றால் நமக்கு நோய் வருமுன் போடுவது. கூடவே ‘சொட்டு’ சேர்ந்தால் போலியோ முகாம்தான் ஞாபகம் வரும். கிளாக்கோமா இல்லாதவர் முன்னெச்சரிக்கையாக விட்டுக்கொள்ளும் மருந்தல்ல இது. ‘முடக்கி’ என்றும் எழுதுகிறார்கள். பக்கவாதத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

என் ஓட்டு ‘பீட்டா மறிப்பி’க்கு. சாலை மறியல் தெரியாத தமிழர் இல்லை: ஆட்கள் வந்து உட்கார்கிறார்கள், வண்டி போகாது, கலைந்ததும் போகும். மருந்தும் ஏற்பியில் வந்து உட்கார்ந்து, பிறகு விலகிவிடுகிறது. அடைப்பு என்பதில் அந்த விலகல் இல்லை. ‘தடுப்பான்’ என்றாலும் எனக்குப் பெரிய சண்டையில்லை, தடுப்பு மருந்தாகத் தேயாத வரை.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள கோபம் இந்த ஒரு சொல்லோடு முடியவில்லை. ‘அமைப்பு ரீதியான உறிஞ்சுதல்’ என்று எழுதுகிறார்கள். எந்த அமைப்பு, தொழிற்சங்கமா? சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: கண்ணில் விட்ட மருந்து மூக்குக்குள் வடிந்து, அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது. மாத்திரையைப் போல முதலில் ஈரலைக் கடந்து பலம் குறைவதில்லை, நேரே நுரையீரலுக்கும் இதயத்துக்கும் போகிறது. ஒரு சொட்டுதானே என்று அலட்சியம் கூடாதது அதனால்தான். மருந்தைத் தரக்கூடாத நிலைகளை ‘முரண் அறிகுறிகள்’ என்பதும் அப்படியே. இப்படி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

‘ஆஸ்துமா, வீசிங், மற்ற நாள்பட்ட மூச்சிரைப்பு நோய் இருந்தாலோ, நாடி மெதுவாக ஓடினாலோ, இதயத் துடிப்பில் கோளாறு என்று மருத்துவர் சொல்லியிருந்தாலோ, மருந்தைத் தொடங்கும் முன்பே கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடலாம். ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடமாவது மெல்ல அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு சொட்டு மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து விடுங்கள். மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். பிரஷர் இறங்கிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.’

இதில் பீட்டாவும் இல்லை, மறிப்பியும் இல்லை. நோயாளிக்கான தாளில் அவை வேண்டியதே இல்லை. பாடநூலிலும் மருத்துவக் கட்டுரையிலும் இருந்தால் போதும். நோயாளிக்கு அடையாளம் வேண்டுமானால் பெயரின் வாலைக் காட்டலாம். திமோலால், கார்டியோலால், பீட்டாக்சலால் என்று ‘லால்’ என முடிவதை மருந்துப் பெட்டியில் பார்த்தால், அது இந்தக் குடும்பம். பிரிமோனிடின், டார்சோலமைடு போன்றவற்றோடு திமோலாலைக் கலந்தும் விற்கிறார்கள். அட்டைப்பெட்டியில் முதல் பெயரை மட்டும் படித்தால் தப்பிவிடும். அடெனலால், மெட்டோப்ரலால் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவர் அந்தச் சீட்டையும் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நாடி அளவுக்கு மீறி இறங்கலாம்.