அட்மிஷன் போடும் முன் கழிவறையைப் பார்த்தீர்களா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் என் கிளினிக்கில் காய்ச்சல், இருமலோடு அட்மிஷன் பேச்சும் சேர்ந்துகொள்ளும். மருந்துச்சீட்டு எழுதி முடிப்பதற்குள், "ஏனுங்க டாக்டரம்மா, பாப்பாவ ஆறாவதுக்கு கேர்ள்ஸ் ஸ்கூல்ல போட்டறலாம்ங்களா? எது நல்லா இருக்குதுங்க?" என்று கேட்டுவிடுவார்கள். கரூர்ப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாகக் குழந்தை மருத்துவம் பார்க்கிறேன். எந்தப் பள்ளியில் கணக்கு நன்றாக நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு வருகிறது என்பது என் நோட்டில் இருக்கிறது. ஆகவே யார் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வேன்: போய்க் கழிவறையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். "இத்தன ஃபீஸ் கட்டறோம்ங்க, பாத்ரூம் இல்லாமயா இருக்கும்?"

இருக்கும். பூட்டியும் இருக்கும்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஒரே வருடத்தில் மூன்றாவது முறையாகச் சிறுநீர்த் தொற்று. ஸ்கேன் எடுத்தாயிற்று, சிறுநீரகத்தில் குறை ஒன்றும் இல்லை. கல்ச்சரில் வழக்கமான கிருமிதான். சாயங்காலம் ஆறே முக்காலுக்குச் சீருடையோடு நேராகப் பள்ளி வேனிலிருந்து இறங்கி வந்திருந்தாள். பையின் பக்கவாட்டில் ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில். எடுத்து ஆட்டிப் பார்த்தேன். கழுத்து வரை தண்ணீர்.

"ஏன் கண்ணு, காலைல இருந்து குடிக்கவே இல்லயா?"

அம்மாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வந்துருமில்லீங்க மேடம்."

மெதுவாகப் பேச்சுக் கொடுத்ததில் மிச்சமும் வந்தது. அவர்கள் மாடியில் இருக்கும் கழிவறை இன்டர்வெல்லில் மட்டும் திறக்கும். மற்ற நேரத்தில் சாவி ஆயாவிடம். வகுப்பு நடக்கும்போது கேட்டால், "இன்டர்வெல்ல என்ன பண்ணின?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். காலை ஆறு ஐம்பதுக்கு வீட்டை விட்டால் மாலை ஆறரை வரை அடக்கிக்கொண்டு இருக்க அவளே பழகிக்கொண்டாள். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அந்தப் பள்ளியைப் பிடித்துப்போனதற்குக் காரணம், ஸ்மார்ட் போர்டும் நுழைவாயிலில் மாட்டியிருந்த சென்டம் ஃப்ளெக்ஸும்.

பெண்பிள்ளைகளுக்குச் சிறுநீர்ப் பாதை மிகக் குட்டை. கிருமி சிறுநீர்ப்பையை எட்டுவது எளிது. தண்ணீர் குடித்து அவ்வப்போது சிறுநீர் கழித்தால் கிருமி அடித்துக்கொண்டு போய்விடும். அடக்கினால் தேங்கிய நீரில் பெருகும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கலும் சேரும், அதுவும் தொற்றைக் கூட்டும். மாத்திரை கொடுத்து நான் ஆற்றலாம். பூட்டைத் திறக்க மாத்திரை கிடையாது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மத்திய அரசின் தூய்மைப் பள்ளி வழிகாட்டுதல் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு கழிவறை என்கிறது. எண்ணூறு பேர் படிக்கும் பெண்கள் பள்ளியில் இருபது வேண்டும். அந்த இருபதும் இருக்கிறது, இருபதிலும் தண்ணீர் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். இன்டர்வெல் பதினைந்து நிமிடம். சுடிதார் போட்ட பிள்ளை உள்ளே போய் வர இரண்டரை நிமிடம் என்றால் ஒரு கழிவறைக்கு ஆறு பேர். ஆக நூற்றிருபது பேர் போய் வரலாம். மீதி அறுநூற்றெண்பது பேர்? இருபாலர் பள்ளியில் பாதிக் கூட்டம் ஆண்கள் பக்கம் போய்விடும். பெண்கள் பள்ளியில் மொத்தக் கூட்டமும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். "கேர்ள்ஸ் ஸ்கூல், அதனால வசதியா இருக்கும்" என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

தண்ணீர் குடிக்க நினைவூட்டி மணி அடிக்கும் வழக்கம் 2019-இல் கேரளத்தில் தொடங்கியது, 2025-இல் நம் பள்ளிகளுக்கும் வந்தது. நல்ல ஏற்பாடு. குடிக்க மணி அடித்துவிட்டுக் கழிவறையைப் பூட்டி வைத்தால் என்ன பிரயோஜனம் என்பதை அந்தந்தப் பள்ளிதான் சொல்ல வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? அட்மிஷன் நாளில் போகாதீர்கள். அன்றைக்குத் தரையில் லைசால் மணக்கும். சாதாரண வேலைநாளில், இன்டர்வெல் முடிந்த கையோடு போங்கள். ஆபீஸ் பக்கத்து விருந்தினர் கழிவறையைக் காட்டுவார்கள். "ஏழாவது பிள்ளைங்க போறத பார்க்கணும்ங்க" என்று கேளுங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, வாளியும் மக்கும் இருக்கிறதா, மூடி போட்ட குப்பைத்தொட்டி உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே பொதுவில் தொட்டி வைத்திருந்தால் எந்தப் பிள்ளையும் நாப்கினைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து போடாது. ஒரு பள்ளியில் மருத்துவ முகாமுக்குப் போயிருந்தேன். நாப்கின் எரிக்கும் இயந்திரம் வாங்கி வைத்திருந்தார்கள். அதன் மேல் பினாயில் பாட்டிலும் இரண்டு துடைப்பமும். ப்ளக் பாயின்ட்டே இல்லை.

பார்க்க விடவில்லை என்றால் அதுவே பதில்.

இதை அம்மாதான் போய்ப் பார்க்க வேண்டும். அப்பா கரஸ்பாண்டன்ட் அறையில் உட்கார்ந்து பஸ் ரூட் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

ஆறாவது, ஏழாவதில் நம் வீடுகளில் பள்ளி மாற்றுவதற்கு வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. பிள்ளை பெரியவளாகிவிட்டாள், அல்லது ஆகப்போகிறாள். சீர் முடிந்த கையோடு "இனி பசங்க படிக்கிற ஸ்கூல் வேண்டாம்" என்று பாட்டி சொல்லிவிடுவார். சரி, அனுப்புங்கள். ஆனால் எந்தக் காரணத்துக்காக மாற்றுகிறீர்களோ அதற்கு அந்தப் பள்ளியில் என்ன ஏற்பாடு என்று கேட்க ஏன் கூச்சப்படுகிறீர்கள்? நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஒரே நாப்கினோடு உட்கார்ந்து தொடையெல்லாம் புண்ணாகி வந்த பிள்ளைகளை மாதத்துக்கு இரண்டு பேராவது பார்க்கிறேன். திடீரென்று வந்துவிட்டால் நாப்கின் யாரிடம் கேட்பது, மாற்றுச் சீருடை இருக்கிறதா, வயிற்றுவலிக்குப் படுக்க ஓர் அறை இருக்கிறதா? இதை வகுப்பாசிரியையிடம் நேராகக் கேளுங்கள். அவர் சங்கடப்பட்டு நெளிந்தால் உங்கள் மகள் அவரிடம் போய்க் கேட்கமாட்டாள்.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், மாதவிடாய் என்பதற்காக எட்டாம் வகுப்பு மாணவி வகுப்புக்கு வெளியே படியில் உட்கார்ந்து தேர்வெழுதிய வீடியோ வந்ததே, நினைவிருக்கிறதா? அதைப் பார்த்துக் கொதித்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் மூன்று நாள் தனித்தட்டு என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதினால் சண்டைக்கு வருவீர்கள். விடுங்கள்.

அடுத்தது சோறு. தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பிரேயரில் மயங்கி விழுந்தாள் என்று கூட்டிவருவார்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். சுயநிதிப் பள்ளிக்கு மாற்றியதும் பல பிள்ளைகளுக்கு அது நின்றுபோகிறது, யாரும் கவனிப்பதில்லை. வேன் ஏழு மணிக்கு என்றால் காலைச் சாப்பாடு இரண்டு வாய் இட்லியோடு சரி. மதியம் இருபது நிமிடத்தில் கை கழுவ வரிசை, சாப்பாடு, டப்பா கழுவ வரிசை. டிபன் பாக்ஸில் பாதி திரும்பி வரும். பள்ளி எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். வேன் உங்கள் தெருவில் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்று கேளுங்கள். பத்து கிலோமீட்டர் தூரத்துப் பள்ளிக்கு ஊரெல்லாம் சுற்றி ஒன்றரை மணி நேரம் போகும் வேன்கள் இங்கே உண்டு.

பி.டி. பீரியட் பற்றிக் கேட்டால் மைதானத்தைக் காட்டுவார்கள். நீங்கள் ஒன்பதாம் வகுப்பு டைம்டேபிளைக் காட்டச் சொல்லுங்கள். பி.டி. என்று எழுதியிருந்தாலும் நம்பவேண்டாம். வெளியே பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளிடம், "கடைசியா எப்போ த்ரோபால் ஆடினீங்க?" என்று கேட்டால் உண்மை வந்துவிடும். கணக்கு டீச்சருக்கு அந்தப் பீரியட் தாரை வார்த்திருப்பார்கள்.

படிப்பு என் துறை இல்லை, இருந்தாலும் இரண்டு கேள்வி சொல்லித்தருகிறேன். நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஃப்ளெக்ஸ் வைத்திருந்தால், "போன வருஷத்துக்கு முந்தி ஒன்பதாவதுல எத்தனை பேர் இருந்தாங்க, போன வருஷம் பத்தாவது எழுதினது எத்தனை பேர்?" என்று கேளுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால், சுமாராகப் படித்த பிள்ளைகளுக்கு டிசி கொடுத்து அனுப்பிவிட்டு எடுத்த நூறு அது. அப்படி அனுப்பப்பட்டு, சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல் என்னிடம் வந்த பெண்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, பதினொன்றாம் வகுப்புப் பாடம். அதைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாவதையே உருப்போட வைக்கும் பழக்கத்தை நிறுத்தத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் அதை எடுத்துவிட்டார்கள். பழைய பழக்கம் திரும்புகிறதா என்று மேல்வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களை விசாரியுங்கள். நீட்டுக்குப் பதினொன்றாம் வகுப்புப் பாடமும் வேண்டும்.

அரசுப் பள்ளியிலிருந்து மாற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், மறுவருடம் பொறியியலுக்கு வந்ததும், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் முதலில் அவர்களுக்கே வந்தது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். ஆறாவதில் வாங்கும் டிசி அந்தக் கதவுகளையும் சேர்த்துச் சாத்துகிறது. தெரிந்தே மாற்றினால் சரி.

ஃபீஸ் பற்றி ஒரே வரி. 2009-ஆம் வருடச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுதான் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அந்த உத்தரவைக் கேளுங்கள், கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள்.

பாதுகாப்புக்காகத்தான் பெண்கள் பள்ளி என்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பையன்கள் இல்லாத இடத்தில் ஆண்களே இல்லை என்று ஆகிவிடாது. வேன் டிரைவர், பயிற்சியாளர், அலுவலகப் பணியாளர், தாளாளர் வீட்டு ஆட்கள் எல்லாரும் உண்டு. தவறு செய்கிறவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். எனக்கும் அந்தக் கடமை உண்டு. தனக்குக் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஒரு வருடம் வரை சிறை. "நம்ம ஸ்கூல்ல அந்த மாதிரி எதுவும் நடக்காதுங்க" என்று தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். "நடந்தா இன்னார்கிட்ட சொல்லலாம், இந்த போர்டுல 1098, 14417 ரெண்டு நம்பரும் இருக்கு" என்று காட்டும் பள்ளியை நம்பலாம். 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். பிள்ளைக்கும் அந்த 1098 மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

அந்த ஸ்டீல் பாட்டில் பெண்ணின் வீட்டில் பள்ளியை மாற்றவில்லை. வருடக் கட்டணம் கட்டியாயிற்று. அம்மா இன்னும் நான்கு அம்மாக்களைச் சேர்த்துக்கொண்டு போனார். முதலில் "டாக்டர் லெட்டர் கொண்டாங்க" என்றார்களாம். எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு மட்டும் எப்போது வேண்டுமானாலும் போக அனுமதி என்றார்கள். தனக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்று அவள் போகாமலே இருந்தாள். இன்னொரு முறை போய்ப் பேசியபின் சாவியை ஏழாம் வகுப்பு ஆசிரியையின் மேசைப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டார்கள். பூட்டை எடுக்க இன்றுவரை மனம் வரவில்லை.

போன வாரம் அந்த அம்மா சின்னவளைக் காய்ச்சலுக்குக் கூட்டி வந்தார். அவளுக்கு அடுத்த வருடம் ஆறாவது.

"ரெண்டு ஸ்கூல் பார்த்துட்டோமுங்க டாக்டரம்மா. ஒண்ணுல ரெண்டாவது மாடில பைப்ப தொறந்தேன், காத்துதான் வந்துச்சுங்க. இன்னொண்ணுல தண்ணி வந்துச்சு. தாழ்ப்பாள்தான் ரெண்டு கதவுல இல்லீங்க. நாளைக்கி மூணாவது ஸ்கூலுக்குப் போறேன்."